சித்தப்பா வண்டியின் எஞ்சின்

எஞ்சின் பெட்டியின் சூடு பள்ளிக்கூடப் பாவாடையைத் தாண்டித் தொடையில் ஏறும். மேலே சாக்கை மடித்துப் போட்டிருந்தாலும், கீரனூர் போய்ச் சேர்வதற்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி உட்கார வேண்டியிருக்கும். அப்பாவின் வேனில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தகரப் பெட்டிதான் என் இடம். சீட்டெல்லாம் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அப்போது ஆள் ஏற்றிப்போன வேன் இரண்டே இரண்டு, ஒன்று அப்பாவுடையது, மற்றது அவர் தம்பி, என் சித்தப்பாவுடையது. இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள்தான் என்றாலும் அப்பாவுடையது பழைய மாடல், சித்தப்பாவுடையது சில வருஷம் கழித்து வந்த மாடல். பழையது "கடகட"வென்று ஊரையே எழுப்பிக்கொண்டு கிளம்பும், ஏற்றம் வந்தால் பாதிப் பேரை இறக்கிவிட்டுத்தான் ஏறும். சித்தப்பாவின் வண்டியோ ஒரே சீராக உறுமிக்கொண்டு வரும். அது கண்மாய்க்கரையில் திரும்பும் சத்தம் கேட்டதுமே சித்தி தட்டைக் கழுவி வைத்துவிடுவார்.

ஒரு நாள் ரோட்டோரமாக வண்டியை நிறுத்திப் பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பின்னால் வந்த லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டது. வேனின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிப்போயிருந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். எங்கள் தாத்தாவை, அதாவது அப்பாவைப் பெற்றவரை, நாங்கள் அய்யா என்போம். அவரிடம் போய், "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலைங்க, புதுசு மாதிரி இருக்கு" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னபோது சித்தப்பாவைக் குளிப்பாட்டிக்கூட முடிக்கவில்லையாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி முடியும்வரை வாசல்பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தி கைக்குழந்தையோடு உள்வீட்டு மூலையில் கிடந்தார். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது எங்கள் வீட்டு ஆண்களுக்கு. அவருடைய வீட்டை ஒட்டினாற்போல் இருந்த எங்கள் முற்றத்து வேப்பமரத்தில் "செயின் பிளாக்"கைக் கட்டி, நொறுங்கிய வேனிலிருந்து எஞ்சினைத் தூக்கினார்கள். கீரனூரிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் தலையைச் சொறிந்தார். கம்பெனி ஒன்றாக இருந்தாலும் மாடல் வேறு, எஞ்சினைத் தாங்குகிற "மவுண்டிங்" அதே இடத்தில் உட்காராது, இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது என்றார். வெட்டி ஒட்டச் சொன்னார் அப்பா. பழைய தாங்கிகளை அறுத்தெடுத்துவிட்டுத் தள்ளி வைத்து வெல்டிங் அடித்தார்கள். காற்றாடி ரேடியேட்டரில் போய் இடித்ததால் ரேடியேட்டரையும் முன்னால் நகர்த்தினார்கள். அப்படியும் பெட்டி மூடாமல் போகவே, தகரத்தை வளைத்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினார்கள். துக்கத்துக்குப் போட்ட பந்தல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க, வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. என்ன சத்தம் என்று சித்தி கேட்டதற்கு, அப்பாவின் வண்டியில் ஏதோ ரிப்பேர் என்று சொல்லி வைத்தார்கள்.

ஒரு காலைப்பொழுதில் அப்பா சாவியைத் திருகினார். எங்கள் பழைய வண்டியிலிருந்து சித்தப்பா வண்டியின் சத்தம் வந்தது. அதே உறுமல், கொஞ்சமும் மாறவில்லை. தலைமுடி அவிழ்ந்து தொங்க, குழந்தையை எங்கேயோ போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார் சித்தி. அந்த ஒரு நொடி அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். பிறகு அப்பா டிரைவர் சீட்டில் இருப்பதைக் கண்டார்.

"மச்சான், அது அவுக வண்டிச் சத்தமுல்ல" என்றார்.

பெண்கள் ஓடிப்போய்ச் சித்தியை உள்ளே இழுத்தார்கள். கருமாதிக்கு முன்னால் வாசலை மிதித்துவிட்டாளே, வீட்டுக்கு ஆகுமா இது என்று ஆளாளுக்கு அங்கலாய்த்தார்கள். அன்றைக்கு ஊர் கண்ட தப்பு அது ஒன்றுதான். எஞ்சினைப் பற்றி ஒரு வாயும் திறக்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகுதான் சித்தி தன் கணக்கைச் சொன்னார். அவருடைய தம்பிக்கு லைசென்ஸ் இருந்ததாம். பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திவிட்டால் அவன் ஓட்டுவான், தானும் பிள்ளையும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று உள்வீட்டு மூலையில் கிடந்தபடி அவர் நினைத்துவைத்திருந்தாராம். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுப் பொருளு வீட்டுக்குள்ளதான இருக்கு, யாரு தூக்கிக்கிட்டா போயிட்டா?" என்றார். எஞ்சின் இல்லாத கூடு யாருக்கு ஆகும்? அதைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் பக்கம் தன் பிறந்த ஊருக்குப் போனார், அங்கே ஐஸ் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம்.

எங்கள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஏற்றத்தில் யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. நான் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தே பள்ளிக்கூடம் முடித்தேன், அந்த ஓட்டத்தில் வந்த காசில்தான் கல்லூரிக்கும் போனேன். பேச்சு எப்போதாவது சித்தி பக்கம் திரும்பினால் அப்பா உடனே, "அந்த நேரத்துல போயி எப்புடிக் கேக்குறது? கேட்டா குடுத்திருப்பா" என்பார். அம்மாவும் அதையே சொல்வார். தங்கமான மனசு அவளுக்கு, கட்டாயம் கொடுத்திருப்பாள் என்று சித்தியை வாயாரப் புகழ்ந்துவிட்டு எல்லோரும் சோற்றில் கை வைப்போம். எங்கள் வீட்டில் சித்தியை அவ்வளவு புகழ்ந்ததே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

அப்பா போன வருஷம் இறந்தார். சித்தி துக்கத்துக்கு வந்தார், முறைப்படி அழுதார், ஒரு வாய்க் காப்பி மட்டும் குடித்தார். ஐஸில் கிடந்த விரல்கள் நகமெல்லாம் வெளுத்து மரத்துப்போயிருந்தன. பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். வேன் ஓடிய ரோட்டில் இப்போது மினிபஸ் ஓடுகிறது, அந்த வேனை அப்பா எப்போதோ விற்றுவிட்டார், வேப்பமரம் நின்ற இடத்தில் என் தம்பி கார் நிறுத்த ஷெட் போட்டிருக்கிறான். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. அப்பா அன்றைக்கு உங்களைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள்தானே சித்தி என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்ற எண்ணம்தான், வேறென்ன.

சித்தி பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடுத்திருக்க மாட்டேன் ஆத்தா. அது ஒங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும், அதான் கேக்கல."