கரிசலில் புதைந்த பனிப்பலகை

எட்டயபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் முதலில் இறங்கியது என் மாப்பிள்ளை இல்லை. ஒரு பை.

ஆள் நீளப் பை. கண்டக்டர் அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறார், மறுநுனி இன்னும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது இறங்கி முடித்தபிறகு என் மகள் பொன்மணி. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை சிவகுரு. தலைப்பொங்கலுக்கு வருகிறார்கள்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் எட்டயபுரம், வேலை கனடாவில். கல்யாணம் முடிந்து எட்டு மாசம். இந்த எட்டு மாசத்தில் அவர் என்னை ஒரு தடவைகூட ‘மாமா’ என்று கூப்பிட்டதில்லை. மரியாதைக் குறைவெல்லாம் கிடையாது, கூச்சம். போன் பண்ணினால் “ம்... சாப்டாச்சா?” என்பார். யாரைக் கேட்கிறார் என்பதை நாம்தான் யூகித்துக்கொள்ள வேண்டும்.

சரி, பைக்கு வருவோம்.

வீட்டுக்குள் வைத்துத் திறந்தார். இரண்டு பலகை. முன்பக்கம் படகு மாதிரி மேலே வளைந்திருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் என் தலைக்கு மேல் ஒரு சாண் நிற்கிறது. நடுவில் அகலம் எவ்வளவு என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலைச் சேர்த்தும் மீதி இருந்தது.

பக்கத்து வீட்டு வேல்சாமி எட்டிப் பார்த்தார். சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறவர். எதைப் பார்த்தாலும் ஒரு அபிப்பிராயம் சொல்லாமல் நகர மாட்டார்.

“ஊஞ்சப் பலகையா அண்ணாச்சி? ஆளுக்கு ஒண்ணா கொண்டாந்திருக்காவளோ?”

மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். பனியில் சறுக்குகிற பலகை. அங்கே பனி என்றால் நம் மார்கழிப் பனி இல்லை. இடுப்பளவு கிடக்குமாம், இடித்துச் சலித்த பச்சரிசி மாவு மாதிரி. வெறுங்காலோடு இறங்கினால் ஆள் புதைந்துவிடுவான். இந்த அகலம் இருந்தால் மேலாகவே மிதந்து வரலாமாம்.

இறங்குவது சரி, மேலே எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். பழனியில் இருக்கிற மாதிரி விஞ்ச் உள்ள மலைகளும் உண்டாம். ஆனால் இவர்களுக்கு அது வேண்டாமாம். விஞ்சும் இல்லாத, பாதையும் இல்லாத மலையாகப் பார்த்து, இதே பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறுவார்களாம். பழனியில் விஞ்ச் இருக்கும்போதே படியில் ஏறுகிற ஆட்கள் இருக்கிறார்களே... அந்த ரகம்.

சறுக்குகிற பலகை ஏறும்போது மட்டும் சறுக்காதா? அதற்கு ஒரு வித்தை. பலகைக்கு அடியில் நீளமாக ஒரு பட்டை ஒட்டுகிறார்கள். முழுக்க ஆட்டு ரோமம். முன்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் வராது. ரோமம் படிந்திருக்கிற வாக்கு அப்படி. தடவிப் பார்த்தேன், நிஜம்தான். இந்தப் பக்கம் ஆடு இல்லாத வீடு உண்டா? ஒருத்தனுக்காவது இது தோன்றியதா?

இந்த அகலத்தில்தான் ஒரு வழக்கு இருக்கிறது. மாப்பிள்ளையின் சேக்காளிகள் எல்லாரும் ஒல்லிப் பலகைக்காரர்கள். ஏறுவதற்கு ஒல்லிதான் லேசு. “உன் பலகையை மேல ஏத்த ஒரு ஜோடி மாடு பூட்டணும்” என்று இவரைக் கேலி பண்ணுவார்களாம். இவர் விடவில்லை. மூன்று மணி நேரம் சுமந்து ஏறினால்தான் என்ன, இறங்குகிற பத்து நிமிஷம் பறக்கலாமே என்கிறார்.

மூன்று மணி நேரம் ஏறுவது பத்து நிமிஷம் இறங்கவா என்று சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். புரட்டாசியில் விதைத்து, தை வரை வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, அத்தனை உளுந்தையும் பத்து நிமிஷத்தில் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருகிற ஆள் நான். எனக்குச் சிரிக்க என்ன யோக்கியதை?

பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் மதுரையில் அவருக்குப் பிளேன். காஷ்மீர் போகிறார். நாலு சேக்காளிகளும் அங்கே வந்து சேருகிறார்கள். இரண்டு வருஷமாக லீவு சேர்த்து வைத்து, ஒல்லியா அகலமா என்கிற வழக்கை இந்தத் தடவை தீர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் கூச்சமே இல்லை. பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார், ஜோடி சேர்ந்த காளையைத் தடவுகிற மாதிரி.

இனிமேல் நடந்ததற்கு எல்லாம் என் வாய்தான் காரணம்.

இந்த வருஷம் போகிக்கு முன்னால் மூன்று நாள் மழை, கேட்காத மழை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடு, அதைத் தாண்டினால் ஓடை. ஓடைக் கரையில்தான் ஆவாரம்பூவும் சிறுபீளையும் கிடக்கிறது. போகியன்று வாசலில் காப்புக் கட்ட அது வேண்டும். ஆனால் நனைந்த கரிசலில் யார் கால் வைப்பது?

உங்களில் பாதிப் பேருக்கு அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். நான் பெண் பார்க்க எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போன நாளும் மழை நாள்தான். காலில் டயர் செருப்பு, புதுசு. குறுக்குப் பாதையில் போனேன். ஒரு செருப்பை மண் வாங்கிக்கொண்டது. கையை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. மற்றதைக் கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பெண் பார்த்தேன். கல்யாணமும் ஆனது. அடுத்த கோடை உழவில் அந்தச் செருப்பு கலப்பைக் கொழுவில் மாட்டி வெளியே வந்தது. என் மாமனார் அதைக் கழுவி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். கரிசல் யார் பொருளையும் வைத்துக்கொள்ளாது. ஆனால் திருப்பித் தருகிற நாளை அதுதான் முடிவு பண்ணும்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“மாப்ளே, மாவுலயே மெதக்குன்னா சகதியில மெதக்காதா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எட்டு மாசத்தில் நான் பேசிய ஒரு பேச்சு இப்போதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. நான் விடுவேனா?

ஈரப் பனி என்றால் அடியில் அப்பிக்கொள்ளும், அதற்கு மெழுகு தேய்ப்போம், ஆனால் மெழுகு காஷ்மீர் போய்த்தான் வாங்கணும் என்று இழுத்தார். மெழுகு என்ற சொல் காதில் விழுந்ததும் வேல்சாமி எழுந்துவிட்டார். தீக்குச்சியை மெழுகில் முக்கிவிட்டுத்தான் மருந்தில் முக்குவார்கள். இல்லாவிட்டால் மருந்து மட்டும் பொசுக்கென்று எரிந்து அணைந்துவிடும். அவர் ஆபீஸில் மெழுகுக்கா பஞ்சம்? செங்கல் மாதிரி ஒரு கட்டியோடு வந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து ஆட்டு ரோமத்தில் மெழுகு தேய்த்தோம். அப்போது பொன்மணி வந்து பார்த்தாள்.

“எப்பா, தலைப்பொங்கலுக்கு வந்த மாப்ளைய யாராவது காப்புக்குப் பூப் பறிக்க அனுப்புவாவளா?”

விளையாட்டுக்குத்தான் என்றேன்.

மாப்பிள்ளை காட்டில் இறங்கினார். காலில் பிளாஸ்டிக் வாளி மாதிரி பூட்ஸ், அதைப் பலகையில் சொருகியிருக்கிறது, இரண்டு கையிலும் ஊன்றுகோல். வரப்பை விட்டு அதிகம் விலகாமல் சாய்வாக முதல் அடி வைத்தார். புதையவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி... மிதக்கிறார். நான் வரப்பில் நின்று கைதட்டுகிறேன். வேல்சாமி போனில் படம் எடுக்கிறார். சரியாகப் பத்து அடி. அந்தப் பத்து அடிக்கு இந்தக் கரிசல் பூமியில் என்னை விடப் பெருமைப்பட்ட மாமனார் இல்லை.

பதினோராவது அடியில் கால் வரவில்லை.

புதைகிறது வேறு, ஒட்டுகிறது வேறு. பலகை புதையவில்லை, அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆனால் மண் விடவில்லை. எவ்வளவு அகலமோ அவ்வளவு மண். ஒல்லிச் செருப்பாக இருந்தால் ஒரு பிடி மண்தான் அப்பியிருக்கும், இதில் ஒரு கன்றுக்குட்டி எடை அப்பியது. மாப்பிள்ளை பலம் கொண்ட மட்டும் இழுத்தார். பலகையின் மேலேயும் மண் புரண்டு வந்தது. சாய்ந்தார், உட்கார்ந்தார். கடைசியில் பலகையோடு பூட்ஸையும் விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு முழங்கால் சகதியில் நடந்து கரையேறினார். அவர் குளித்து முடிக்க எட்டுக் குடம் தண்ணீர் ஆனது.

பொன்மணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“தலைப்பொங்கலுக்கு வந்த மாப்ளைய சகதியில எறக்கிவிட்ட மாமனார் ஊர் உலகத்துலயே நீங்க ஒராளுதான். எட்டயபுரத்துல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

எட்டயபுரம் என்றால் என் சம்பந்தி.

பொங்கலன்று காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று நாளாக இந்த வெயிலுக்குத்தான் எல்லாரும் ஏங்கினோம். அன்றைக்கு எனக்கு மட்டும் அது எமன். கோவில்பட்டிக்காரனுக்குப் பாகு பதம் தெரியாதா? இன்றைக்குப் பாகு, நாளைக்குக் கடலைமிட்டாய். அந்த மிட்டாய்க்குள் கடலையாக என் மாப்பிள்ளையின் பலகை. இறுகிவிட்டால் கோடை உழவுதான். பிளேனோ நாளை மறுநாள்.

பொங்கல் பானையை இறக்கினதும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வேல்சாமி மண்வெட்டியோடு வந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தார். பலகையின் விளிம்பு கத்தி மாதிரி இரும்பு, அதில் கடப்பாரை பட்டால் பலகை அவ்வளவுதானாம். கடப்பாரையைக் கீழே போட்டேன். வரப்பிலேயே குனிந்து கை நீட்டி, வேல்சாமி ஒரு பலகையின் பின்நுனியைப் பிடித்து மேலே தூக்கினார். மண் கீழே இழுத்தது. மண்தான் ஜெயித்தது.

வரப்பில் ஆடு பத்திக்கொண்டு வந்த ஆவுடைத்தாய் நின்றுவிட்டாள். எங்கள் தெருக்காரிதான். ஒரு கைப்பிடி பொரி கிடைத்தால் நாள் முழுக்க நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“என்ன அண்ணாச்சி, வெங்காயமா புடுங்குதீங்க? அகலமான சாமான மேல தூக்குனா மண்ணு விடுமா? தண்ணிய ஊத்தி நீளவாக்குல இழுங்க.”

நியாயம்தான். பின்பக்கமாக இழுக்க வேல்சாமி கயிற்றை எடுத்தார். அப்போது மாப்பிள்ளை குறுக்கே வந்து தடுத்தார்.

“பின்னால வராது. அடியில ஆட்டு ரோமம் இருக்கு. முன்னாலதான் இழுக்கணும்.”

எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்தோம். முன்பக்கம் என்றால் வரப்பு இல்லை, நடுக்காடு. யாராவது பலகையையும் தாண்டிச் சகதிக்குள் போய் நின்று இழுத்தால்தான் உண்டு. வேல்சாமி தன் வேட்டியைப் பார்த்தார், பொங்கல் வேட்டி, மடிப்புக் கலையாதது. ஆவுடைத்தாய் ஆட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளை பேன்ட்டை மடக்க ஆரம்பித்தார். திரும்பினால் பொன்மணி வீட்டுப் பின்வாசலில் நின்று என்னைப் பார்க்கிறாள்.

“நீங்க நில்லுங்க மாப்ளே” என்றேன்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எழுபத்தோரு வயசுக் கால். ஒவ்வொரு அடிக்கும் மண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பலகையின் வளைந்த மூக்கில் கயிற்றைக் கட்டினேன். இரண்டு பக்கமும் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு குடம் ஊற்றி இழுத்தேன். ‘புளுக்’ என்று ஒரு சத்தம்...

பலகை வந்துவிட்டது. என்னை நோக்கித்தான் வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். பனியில் எப்படியோ, அது அன்றைக்கு நன்றாகவே சறுக்கியது. என் வயிற்றில் ஏறித்தான் நின்றது.

“மாமா!”

வரப்பிலிருந்து ஒரு சத்தம். வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடிபட்டதா, எழுந்திருக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறார். நான் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கூப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டாமா? கூப்பிட்டார். பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த பலகைக்கு அவரும் இறங்கி வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து, சேர்ந்தே விழுந்தோம். ஆவுடைத்தாய் மாதிரி ஒரு ரசிகை எந்த நாடகத்துக்கும் கிடைக்க மாட்டாள். பலகையையும் பூட்ஸையும் நான் கழுவினேன், ஆட்டு ரோமத்தைத் தேங்காய் நார் போட்டு அவர் தேய்த்தார். மூக்கோரம் ஒரு கறுப்புக் கோடு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வேல்சாமி மனசு கேட்காமல், மீதி மெழுகுக் கட்டியைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டார்.

போன வாரம் காஷ்மீரிலிருந்து வீடியோ கால் வந்தது. வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நடுவில் மாப்பிள்ளை, சிரிப்பு காதுவரை. அன்றைக்கு வெயிலில் பனி கொஞ்சம் இளகிவிட்டதாம். ஒல்லிப் பலகைக்காரர்கள் நாலு பேருக்கும் அடியில் பனி உருண்டை உருண்டையாக அப்பி, பத்து அடிக்கு ஒரு தரம் நின்று சுரண்டியிருக்கிறார்கள். இவருக்கு மட்டும் ஒரு பொட்டு ஒட்டவில்லை. அகலப் பலகையோடு முதல் ஆளாக உச்சிக்குப் போய்விட்டார்.

“மாமா, எல்லாரும் மெழுகு கேக்கான். என்ன கம்பெனின்னு கேக்கான். நான் சொல்லலை.”

சம்பந்திக்கும் விஷயம் போய்விட்டது. அவரே போன் பண்ணினார். சகதியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மருமகளுக்குக் கொடுத்த பானை, கரும்பு எல்லாம் சரி, பையனுக்கு ஏதோ தனியாகக் கொடுத்தீர்களாமே, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறானே, அது என்ன என்று கேட்டார்.

பொன்மணி சொன்னது சரிதான், ஊர் உலகத்தில் நான் ஒரு ஆள்தான் — மாப்பிள்ளைக்குத் தலைப்பொங்கல் சீராகத் தீப்பெட்டி மெழுகு கொடுத்தவன்.