ரத்ததான போஸ்டரில் பார்த்த சொல்

நான் ஐந்தாவது வரைதான். தமிழ் எழுதுவேன். தெலுங்கு பேசுவேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பஸ் போர்டும் மருந்து அட்டையும் பார்த்துக் கற்றது.

ராமச்சந்திராபுரம் பக்கம் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் காண்ட்ராக்ட் வேலை. எந்நேரமும் ஈரக்கை, எண்ணெய்க்கை. பேனா பிடிக்கத் தோதுப்படாது. அதனால் ரிஜிஸ்டரில் நாங்கள் எல்லாருமே கட்டைவிரல்தான் வைப்போம். அதுதான் வினை.

போன வருஷம் கொதிக்கிற சாம்பார் இடது கையில் கொட்டியது. ஒரு மாசம் கட்டு. திரும்பி வந்த அன்றைக்கே சூப்பர்வைசர் ஒரு தாளையும் மை டப்பாவையும் நீட்டினான். அவனும் என்னை மாதிரி சிகந்திராபாத் தமிழன்தான். என்னைவிடச் சின்னவன்.

"லைட் டியூட்டிக்கு லெட்டர்க்கா. விரலை வைங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"அதான் சொன்னேன்ல. கைநாட்டுக்கு இவ்ளோ கேள்வியா? படிச்சா மட்டும் புரியப்போகுதா?"

சுருக்கென்றது. ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இங்கிலீஷ் தெரிந்த என் மகளைக் கேட்க வழியில்லை. "கை கழுவிட்டு வரேன்" என்று தாளோடு பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

ஆறு வரி. 'டியூட்டி' இருந்தது. 'லைட்' எங்கேயும் இல்லை. இரண்டு தரம் தேடினேன். டியூட்டிக்கு முன்னால் ஒரு சொல். கூட்டினேன். ரிலீவ்டு. தைல டப்பாவில் 'ரிலீஃப்' என்று போட்டிருக்கும். வலி விட்டுப்போகிறது. இங்கே டியூட்டி விட்டுப்போகிறது. யார் விடச் சொன்னது?

அதற்கும் முன்னால் இன்னொன்று, நீளமாக. வாலண்டரி என்று தொடங்கியது. அது கேட்டில் ஒட்டியிருக்கும் ரத்ததான போஸ்டரில் உள்ள சொல். ரத்தம் கொடுத்தபோது நர்ஸிடம் கேட்டிருக்கிறேன். "யாரும் கட்டாயப்படுத்தலம்மா, நீங்களா வந்து குடுக்கறீங்கன்னு அர்த்தம்" என்றாள்.

நானாக. கை வெந்த நான், நானாகவே வேலையை விடுகிறேனாம்.

எனக்கு முன்னால் ஒருத்தி. வழுக்கி விழுந்து கால் உடைந்தவள். அவளும் இப்படித்தான் விரல் வைத்தாள். அவளே வேலையை விட்டுட்டா என்று இவன் சொன்னான். நானும் நம்பினேன். அந்தக் கோபம் என்மேல். இன்னும் இருக்கிறது.

ஸ்டோர்காரரிடம் பேனா வாங்கினேன். தாளின் அடியில் தமிழில் எழுதினேன்: 'நான் கேட்கவில்லை. எனக்கு வேலை வேண்டும்.' கையெழுத்துப் போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

தாளைக் கையில் எடுத்தான். "எழுதத் தெரியும்னு சொல்லவே இல்லையேக்கா."

"நீ கேக்கலியே."

"சரி விடுங்க. வேற லெட்டர் தரேன்."

"கொண்டா. லைட்டுன்னு எங்க இருக்குன்னு நீ விரல் வச்சுக் காட்டு."

வேறு தாள் கொண்டுவந்து காட்டினான். நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். டீ கவுன்ட்டரில் நிறுத்தினார்கள். இப்போதும் அங்கேதான்.

அன்றிலிருந்து ரிஜிஸ்டரிலும் கையெழுத்துதான். கை ஈரமாக இருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டுப் போடுவேன். அவன் நிற்பான். நிற்கட்டும்.