மூன்று நொடி முத்துசெல்வம்

ஆறுமுகத்தாய் பார்ப்பது நூல் வெட்டும் வேலை. தைத்து முடிந்து வருகிற சட்டையைப் புரட்டிப் போட்டு, தையல் ஓரங்களில் தொங்கும் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்க வேண்டும். பம்பாயில் இதைத் தாகா கட்டிங் என்பார்கள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்த மூன்றாம் மாதம் அந்தக் கத்தரியைக் கையில் எடுத்தாள். புருஷன் நம்பிராஜன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகள் பிரேமலதாவுக்கு ஏழு வயது, மகன் முத்துசெல்வத்துக்கு நாலு. அப்புறமும் அதே கத்தரிதான். அதை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்து சான்பாடாவில் கட்டிக்கொடுத்தாள். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆட்டம் மட்டும் அப்படி ஏறியிருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிற பயல். தாணாவில் ஒரு கூரியர் ஆபீசுக்கு தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தான்.

சந்தில் ஒரு கல்யாணம் நடந்தது. முத்துசெல்வம் நடுவில் நின்று ஆடுகிறான். கை கழுவிய தண்ணீர் அங்கே தேங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்ற ஆறுமுகத்தாய் கத்தினாள். “ஏலே, தண்ணி கெடக்குலே! பாத்து ஆடுலே!”

அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சிரித்த கையோடு வழுக்கி, இரண்டு காலும் மேலே போக, பொத்தென்று விழுந்தான். கூட்டாளி ஒருவன் அதை வீடியோ எடுத்திருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் அதிலிருந்து மூன்று நொடியை வெட்டி, ‘திங்கட்கிழமை வந்துவிட்டது’ என்று இந்தியில் எழுதி இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். சத்தம் இல்லாமல், முடிந்ததும் தானே மறுபடி தொடங்குமே, அந்த மாதிரி ஆடும் படம். திங்கட்கிழமை தோறும் ஊரெல்லாம் அதை அனுப்பிச் சிரித்தது. முத்துசெல்வத்துக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

“எம்மா, நான் இந்தியா பூரா விழுதேன் தெரியுமா!” என்பான்.

எட்டு மாதம் கழித்து, காலை நேரக் கூட்டத்தில், ஓடும் ரயிலின் வாசலிலிருந்து விழுந்தான். இருபத்து நாலு வயது. அதை விரித்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் போனும் அவனோடு நொறுங்கிப் போனது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு ஊர்ச் சங்கமே திரண்டு வந்தது. செயலாளர் தங்கபாண்டி எழுந்து நின்றார்.

“எல்லாரும் போன எடுங்கய்யா. அந்தப் படத்த எவம் எவம் வச்சிருக்கியளோ, இப்பமே என் கண்ணு முன்னால அழிங்க. செத்த புள்ளைய வச்சிச் சிரிச்சா அவன் ஆத்மா எங்கன சாந்தியடையும்?”

எல்லாரும் எடுத்தார்கள், எல்லாரும் அழித்தார்கள். வீடியோ எடுத்த கூட்டாளி தேம்பிக்கொண்டே அழித்தான். ஆறுமுகத்தாயிடம் அப்போது இருந்தது பட்டன் போன். அவள் சபையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர்கள் ஒன்று கூடினால் சில நேரம் ஒரு ஆளை இப்படித்தான் துடைத்து எடுத்துவிடுகிறார்கள்.

மிஞ்சியது சுவரில் ஒரு போட்டோ. பாஸ்போர்ட் படத்தைப் பெரிசாக்கி, ஸ்டூடியோக்காரன் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தான். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு முத்துசெல்வம் அதில் மேனேஜர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான். ஆறாம் மாதம் ஆறுமுகத்தாய்க்கு ஒரு பயம் பிடித்தது. அவன் கழுத்தை எப்படித் திருப்புவான் என்பது மறந்து போயிருந்தது. கண்ணை மூடினால் கோட்டுப் போட்டவன்தான் வந்தான். 

துக்கம் விசாரிக்கிற முகங்கள் சலித்துப்போய், குர்லாவில் அவளைத் தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சேர்ந்தாள். ரயிலில் ஏறாமல் பஸ்ஸில்தான் போவாள். அங்கே பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறவள் சாதனா, மராத்திக்காரி. ஆறுமுகத்தாயை மவுசி என்பாள், சித்தி என்று அர்த்தம். கொண்டுவந்த பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். ஒரு திங்கட்கிழமை காலை, “மவுசி, இதைப் பாரேன்” என்று சிரிப்பை அடக்க முடியாமல் போனை நீட்டினாள்.

முத்துசெல்வம் திரும்பினான். சிரித்தான். விழுந்தான். விழுந்த மறு நொடியே எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தான். மறுபடி திரும்பினான்.

ஆறுமுகத்தாய் குனிந்து, ஒரு சட்டைக் காலரில் இல்லாத நூலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆமாம், இப்படித்தான் திருப்புவான், முதலில் தாடை, அப்புறம் தோள்.

அன்று சாயங்காலம் தொண்ணூறடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிராஜிடம் போனாள். மகள் கொடுத்திருந்த பழைய டச் போனை நீட்டி, விஷயத்தைச் சொன்னாள். அவனும் ஊர்ப் பக்கத்து ஆள்தான், தென்காசிக்காரன். படத்தில் எழுதியிருந்ததைக் கேட்டு, அதையே போட்டுத் தேடினான். இந்த மாதிரி ஆடும் படங்களாகவே அடுக்கி வைத்திருக்கும் ஒரு வெப்சைட்டில் முத்துசெல்வம் ஆடிக்கொண்டிருந்தான்.

“இத போனுக்குள்ள போட்டுக் குடுய்யா” என்றாள்.

போனில் இடமில்லை என்று காட்டியது. கடையில் கூட்டம் வேறு. சிராஜ் ஏதோ இரண்டு தட்டுத் தட்டி, போனின் முகப்பிலேயே ஒரு சின்னக் கட்டம் வைத்துக் கொடுத்தான். “இதத் தொட்டாப் போதும்க்கா, வந்துருவான்.”

தொட்டாள், வந்தான். அவளுக்கு அது போதும். ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த நாட்களுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைத்தது. பஸ்ஸில் பார்ப்பாள், உலை வைத்துவிட்டுப் பார்ப்பாள். அவன் பார்ப்பது தன்னைத்தான் என்பது உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். சிரிக்கும் இடத்தில் நிறுத்திப் பிடிக்கலாம் என்று மூன்று விரலால் இழுத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கால் மேலே கிடப்பதுதான் விழுந்தது. அதையெல்லாம் அழித்துவிட்டாள். ஆடுகிறவன் கையில் இருக்கும்போது அசையாதவன் எதற்கு?

இப்படி மூன்று மாதம் ஓடியது. வருஷ திதி வந்தது. பிரேமலதா சான்பாடாவிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, உன்ட்ட ஒண்ணு சொல்லணும். தம்பி படம் ஒண்ணு சுத்திட்டு இருந்துச்சுல்லா, விழுத படம். எங்க ஆபீஸ் குரூப்புல மண்டே ஆனா எவனாவது போட்டுருவான்மா. நான் எந்திரிச்சி பாத்ரூமுக்குப் போயிருவேன். ஒரு நா சைட்ட கண்டுபிடிச்சிட்டேன். நாலு மாசமா மெயில் மேல மெயிலு. டெத் சர்டிபிகேட்லாம் அனுப்புனேன். நேத்துத்தான் பதில் வந்துச்சு, எடுத்துட்டாவளாம். எங்கயும் கெடையாது இனி. தம்பிய எவனும் பாத்துச் சிரிக்க முடியாதும்மா.”

சொல்லிவிட்டு அழுதாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை. ஆறுமுகத்தாய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“நல்ல காரியம் செஞ்சட்டி” என்றாள்.

மகள் கைகழுவப் போன நேரத்தில் போனை எடுத்துக் கட்டத்தைத் தொட்டாள். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் இங்கிலீஷில் ஒரு வரி. மறுபடி தொட்டாள். அதே வரி.

மகளை பஸ் ஏற்றிவிட்டு நேராக சிராஜ் கடைக்கு ஓடினாள். அவன் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“படம் போனுக்குள்ள இல்லக்கா. அது இருக்க எடத்துக்குப் போற வழியத்தான் அன்னைக்கு வச்சுக் குடுத்தேன். இப்ப அங்க படம் இல்ல. வேலைய சுருக்கா முடிக்கணும்னு பாத்தேன், தப்பு எம்மேலதான்.” மற்ற இடங்களிலும் தேடினான். விழுகிறவர்கள் ஆயிரம் பேர் வந்தார்கள், எல்லாரும் யார் யாரோ பெற்ற பிள்ளைகள். கடைசியில் அவள் போனிலிருந்த குப்பையை எல்லாம் அழித்து இடம் பண்ணிக் கொடுத்தான். “யாராச்சும் வச்சிருந்தா உங்க நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்க. முழுசா எறங்கினதும் நெட்ட அணைச்சிட்டுப் பாருங்க. அப்பவும் ஆடினான்னா, அது உங்களோடது. ஒருத்தனும் எடுக்க முடியாது.”

சந்தில் வீடு வீடாகப் போனாள். கல்யாணத்தில் வீடியோ எடுத்தவன், “அன்னைக்கே அழிச்சிட்டேன் அத்த, சத்தியமா” என்றான், அவள் சோதிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு வீட்டிலும் அதே சத்தியம்தான். ஒருத்தனாவது சொன்ன சொல் தவறியிருக்கக் கூடாதா என்று வயிறெரிந்தாள்.

மிச்சம் இருந்தது சாதனா.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். அவன் என் மகன் என்று சொன்னால் சாதனா என்ன செய்வாள்? தெருவில் யாரோ ஒருவர் பிணம் போனாலே நின்று கும்பிட்டுவிட்டு நகர்கிறவள். கன்னத்தில் போட்டுக்கொள்வாள், காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள், முதல் வேலையாக அந்தப் படத்தை அழிப்பாள். மரியாதை தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை சாக்கை விரித்து உட்கார்ந்ததும், ஆறுமுகத்தாய் தன் உடைந்த இந்தியில் கேட்டாள். அந்த விழுகிற பையன் படம் இருக்கிறதே, அதை எனக்கும் அனுப்பேன். நினைத்து நினைத்துச் சிரிப்பாக வருகிறது.

சொல்லும்போதே சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தாள்.

சாதனாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். “மவுசி சிரிக்கிறாள், மவுசி சிரிக்கிறாள்” என்று தையல் மிஷின்காரர்களையும் கூப்பிட்டுவிட்டாள். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். படம் வந்து விழுந்தது. ஒரு வட்டம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது முழுசாக இறங்கும்வரை ஆறுமுகத்தாய் சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவர்கள் ஏதாவது கேட்டுவிடுவார்கள்.

வட்டம் நின்றது. நெட்டை அணைத்தாள். தொட்டாள்.

முத்துசெல்வம் அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“கிரா! கிரா!” என்று சாதனா கைதட்டினாள், விழுந்தான் விழுந்தான் என்று. சுற்றி நின்றவர்கள் மவுசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கிர் கயா” என்று ஆறுமுகத்தாயும் சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள், அவள் காட்டினாள்.