விடுபட்ட இரண்டு பக்கங்கள்

1986 மாசி மாதம். கனடாவில், ஸ்காபரோவில் பழைய பத்திரிகைகளை மைக்ரோஃபிலிமில் சின்னப் படங்களாக எடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் கமரா ஒப்பரேட்டராகச் சேர்ந்து மூன்றாவது வாரம். பத்திரிகையைக் கண்ணாடிக்கு அடியில் விரித்து, காலால் பெடலை அழுத்தினால் ஒரு ஃபிரேம். திருப்பி, மறுபடி பெடல். கறுப்புத் திரை போட்ட அறையில் நான் மட்டும். மத்தியானம் வரை ஒரு மனிதக் குரல் கேட்காது. எடுக்கும் பக்கங்களை வாசிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அன்று வந்தவை 1939 மார்கழிப் பத்திரிகைகள். உலகப்போர் தொடங்கி நாலாம் மாதம். தென் அமெரிக்கக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களுடன் மோதி அடிபட்ட ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று, உருகுவேயின் மொண்டவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தது. உருகுவே எந்தப் பக்கமும் சேராத நாடு. இரு தரப்புத் தூதர்களும் அந்த அரசை நெருக்கினார்கள். கடைசியில் எழுபத்திரண்டு மணித்தியாலத் தவணை. அதற்குள் வெளியேற வேண்டும். வெளியே எதிரிக் கப்பல்கள் காத்து நின்றன.

என் அகதிக் கோரிக்கைக்கும் அப்போது முடிவு வரவில்லை. நின்று வாசித்தேன். போன நேரத்தைப் பிடிக்க அவசரப்பட்டு இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

அடுத்த நாள், ஃபிலிம் சரிபார்க்கும் மட்டக்களப்பு யோகா அக்கா வந்தார்.

"தம்பி, ரெண்டு பக்கம் இல்ல. சூப்பர்வைசருக்கு இன்னும் சொல்லல்ல. புதுசா வந்த ஆள், வேலை போயிரும்."

"விட்டா ஆருக்கு அக்கா தெரியப்போகுது? நாப்பத்தாறு வருசப் பழைய பேப்பர்."

"என்ன பக்கமெண்டு பாத்திட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். அந்தச் சண்டையில் இறந்த மாலுமிகளின் பட்டியல். சின்ன எழுத்தில் பெயரும் பதவியும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் காணாமற்போன என் அண்ணனின் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. கனடா வந்து முதன்முதலாக அதை ஒருவருக்குச் சொன்னேன்.

"என்ன பேர்?" என்று கேட்டார் யோகா அக்கா.

"கருணாகரன்."

அவர் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். நன்றாகத் திட்டினார்; வேலையை விட்டு நிறுத்தவில்லை. முழு ரீலையும் மறுபடி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஜெர்மன் கப்பலை அதன் கப்டனே வெடிவைத்து மூழ்கடித்த செய்தியும் அதில் வந்தது. பெடலை அழுத்திவிட்டுத் திருப்பினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்து, ஒன்றா இரண்டா என்று பாருங்கள். பெயர்கள் உள்ள பக்கமென்றால் இரண்டு தரம் பாருங்கள்.