அங்குலம் மட்டும் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

பாபநாசம் அருகே ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் மாணவிகள் பாட, நான் கிட்டார் வாசிப்பேன். இந்த வருடம் விழா நெருங்கும்போது என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கிழிந்து கரகரத்தது. பழையதை அளந்து, அதே பத்து அங்குலத்தில் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். சத்தம் முன்பைவிடக் கணீரென்று வந்ததில் எனக்குப் பெருமை.

அரை மணி நேரம் வாசித்திருப்பேன். வயலிலிருந்து வந்த கணவர், "என்ன இது, கருகுற வாடை வருது?" என்றார். திரும்பினால் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் புகை. அதை ஒட்டித்தான் விதைநெல் சாக்குகளை அடுக்கியிருந்தோம். அவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். நான் சாக்குகளை அப்பால் இழுத்துப் போட்டேன்.

கும்பகோணத்து மெக்கானிக் இரண்டு ஸ்பீக்கரையும் திருப்பிக் காட்டினார். "பழசுல மின்தடை எட்டு ஓம்னு போட்டிருக்கு பாருங்க டீச்சர். நீங்க மாட்டுனது நாலு ஓம். தடை குறைஞ்சா கரண்ட்டை அதிகமா இழுக்கும், ஆம்ப்ளிஃபயர் தாங்காதுங்க."

விழாவுக்கு முதல் நாள்தான் சரிசெய்து கொடுத்தார்.

போன வாரம் பள்ளி மைக் செட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் பழையதையும் கையோடு எடுத்துப் போனேன். "எத்தனை இன்ச் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"அது இருக்கட்டுங்க. முதல்ல இதுல ஓமும் வாட்ஸும் என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றேன்.