சலூன்காரர் வீட்டுக் கொடி ரோஜா

எங்கள் தெருச் சலூன்காரருக்குக் கை சும்மா இருக்காது. யார் வந்து பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். காதுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் முடியைத்தான் பார்ப்பார். திரைச்சீலையில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால் அன்றைக்கே அதற்கு ஆயுசு முடிந்தது. தொழிலுக்கு நல்ல குணம்தான். வீட்டு ரோஜாவுக்குத்தான் எமனாக வந்து வாய்த்தது.

அவர் வீட்டுப் பின்பக்கச் சுவர் காரை உதிர்ந்து கிடக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதைக் கொடி ரோஜாவால் மூடிவிட வேண்டும் என்று அவர் மனைவிக்கு வெகுநாள் ஆசை. முதலில் வைத்த செடி வேர் பிடித்து நீளக் கிளை விட்டதும் இவர் அழகாகக் கிராப்பு வெட்டிவிட்டார். அது ஏறவும் ஏறாமல் பூக்கவும் பூக்காமல் முடங்கிச் செத்தது. இரண்டாவதுக்கும் அதே கதி. மூன்றாவதை வாங்கி வந்த அன்று அந்த அம்மாள் கோபப்படவே இல்லை. அதுதான் இவரைக் கலக்கியது.

"இதையும் வெட்டினீங்கன்னா நான் கத்த மாட்டேன். இனிமே இந்த வீட்ல செடியே வைக்க மாட்டேன், அவ்வளவுதான்."

இந்த முறை செடி விற்ற நாற்றுப் பண்ணைக்காரர் சொன்னதை இருவரும் காதில் வாங்கிக்கொண்டார்கள். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிக் குழி எடுத்து, செடியைச் சுவர்ப்பக்கம் சாய்த்து நட்டார்கள். மேலே தெளிக்காமல், வேர்வரை இறங்கும்படி நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆரம்பத்தில் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் வெட்டக் கூடாது, நீண்ட கிளையைப் படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பூ வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி ஊருக்குப் போனார். பார்த்துக்கொண்டிருந்தது போல அப்போதுதான் கொடி கிளம்பியது. ஒரு கிளை குளியலறைக்குப் போகும் வழியில் குறுக்கே நீட்டி, போகையிலும் வருகையிலும் சட்டையைப் பிடித்து இழுத்தது. சலூன்காரருக்குக் கை அரித்தது. ஒரு காலை கத்தரிக்கோலோடு கிட்டே போய் நின்றேவிட்டார். இதை நறுக்கினால் அவள் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள் என்று நினைத்ததும் கத்தரிக்கோலை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடையில் முடி வெட்டும்போது போர்த்துகிற துணி ஒன்று ஓரம் கிழிந்து கிடந்தது. ஆசை தீர அதை நாடா நாடாக நறுக்கினார். சுவரில் இழுத்திருந்த கம்பியில் கிளையை ஒடியாமல் மெல்ல மெல்லப் படியவைத்துக் கட்டினார். தண்டு பருக்கும், கட்டு இறுகக் கூடாது. அதை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ கழுத்துகளில் துணி கட்டிய கை. ஒரு விரல் நுழைய இடம் விட்டு முடிச்சுப் போட்டார். முழங்கைவரை முள் கீறிவிட்டது. வீட்டில் சண்டையா என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். ஊருக்குப் போனவள் எங்கேயிருந்து சண்டை போடுவாள் என்று சொல்லிச் சமாளித்தார்.

மனைவி திரும்பிய அன்று பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பின்பக்கம் போனார். இவர் பின்னாலேயே போய்ப் பரீட்சை முடிவுக்கு நிற்பவர் போல நின்றார். பூ ஒன்றுகூட இல்லை. ஆனால் கிளை முழு நீளத்துக்குப் படுத்திருந்தது, கணுக்களில் சிவப்பாகத் துளிர் எழும்பியிருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரின் கையைப் பார்த்தார்.

"அந்த மூலை மொட்டையா இருக்குதே," என்றார். "அங்கயும் ஒண்ணு வைப்போமா?"

சலூன்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடையில் ஆள் காத்திருப்பதையும் மறந்து மண்வெட்டியை எடுக்கப் போனார்.