ஓர் இடம் தள்ளி

தமயந்தி ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் இல்லை. கணினியில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். தாழ்வாரத்தின் கோடிவரை நடப்பாள், தண்ணீர் குடிப்பாள், திரும்பி வந்து திரையைப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். பேராசிரியர் கிருஷ்ணப்பா தன் அறையிலிருந்து தலையை நீட்டி, "கூத்கோம்மா, கூத்கோ" என்று கன்னடத்தில் கெஞ்சுவார். உட்காருவாள். அவர் தலை உள்ளே போனதும் எழுந்துவிடுவாள்.

மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா ஜெயராமனுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் வேலை. விடிவதற்குள் கிளம்பி இருட்டியபின் வருவார். மகள் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, 1993-இல் பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல புரோட்டீன் பாக்குது" என்பார். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையில் அது அவ்வளவு கடினமான விஷயமில்லை. கதம்பச் சரத்தைச் சுருட்டிப் பொட்டலம் கட்டினால், சரத்தில் எங்கெங்கோ இருந்த மல்லியும் கனகாம்பரமும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் இல்லையா? புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்களைக் கோத்த சரம் அது. மடிந்து உருண்டையானபின் எந்த அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் தமயந்தியின் வேலை. அதுவரை உலகத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த புரத வடிவங்களை எல்லாம் தன் புரோகிராமில் ஓட்டினாள். அமினோ அமிலங்களுக்கும் மனிதர்களைப்போல விருப்பு வெறுப்பு இருந்தது. எண்ணெய்த்தன்மை உள்ளவை தண்ணீருக்கு அஞ்சி உருண்டைக்குள் ஒதுங்கி ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். மின்னூட்டம் உள்ளவை வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கும். ஒரே மின்னூட்டம் உள்ள இரண்டு, உருண்டையின் நடுவில் தோளோடு தோள் உரசிக்கொண்டிருப்பது மிக அபூர்வம்.

பக்கத்துக் கூடத்தில் உஷா இருந்தாள். சேலத்துக்காரி, தமயந்தியைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஒரு புரதத்தைப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, கிடைத்த புள்ளிகளிலிருந்து அதன் வடிவத்தைக் கட்டுவதற்காகவே தன் இருபதுகளை எல்லாம் கொடுத்தவள். 1995 வாக்கில் வடிவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆய்வேடு பாதி எழுதியாயிற்று. ஜெர்மனியில் அடுத்த வேலையும் கிட்டத்தட்ட உறுதி. ஒரே ஒரு குறை: அளவெடுத்த புள்ளிகளோடு வடிவம் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் பிழை எண் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் அடம்பிடித்தது. படிகத்தின் தரம் அவ்வளவுதான் என்று உஷா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"உன் புரோகிராம்ல எம்புள்ளையையும் ஒரு தடவ ஓட்டிப் பாரேன்," என்று அவளேதான் சிரித்துக்கொண்டே ஃபைலைக் கொடுத்தாள்.

தமயந்தி ஓட்டினாள். பெரும்பகுதி ஒழுங்காக இருந்தது. ஒரு பகுதியில் மட்டும் ஒரே மின்னூட்டம் உள்ள லைசினும் ஆர்ஜினினும் உள்ளே போய் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எண்ணெய்த்தன்மை உள்ள லூசினும் வேலினும் வெளியே தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாசலில் நிற்க வைத்துவிட்டுச் சம்பந்தமில்லாதவர்களை மணவறையில் உட்கார வைத்தாற்போல்.

புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்தாள். வேறு வடிவங்களை ஓட்டினாள், சரியாக வந்தன. உஷாவின் ஃபைலை மறுபடி ஓட்டினாள், மறுபடி அதே. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இடத்தில் சரம் நீண்ட பட்டையாகப் போகிறது. பட்டையில் ஓர் அமிலம் உள்ளே பார்த்தால் அடுத்தது வெளியே பார்க்கும். கட்டும்போது சரத்தை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டால், உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வெளியே போய்விடும்.

அன்றைக்கு அவள் நடந்த நடை, தாழ்வாரத்தோடு நிற்கவில்லை. மரங்களுக்கு அடியில் நடந்தாள், கேட்டைத் தாண்டி நடந்தாள், மல்லேஸ்வரம் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் கையில் குடை கூட இல்லாமல் தூறலில் நிற்பது தெரிந்தது. சொன்னால் உஷாவின் ஆய்வேடு நிற்கும், ஜெர்மனி நிற்கும். சொல்லாமல் விட்டால் தப்பான வடிவம் அச்சில் ஏறிவிடும். ஒருவேளை தன் கணக்கே தப்பாக இருந்தால்? அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை உஷாவிடம் போய்த் திரையைக் காட்டினாள்.

உஷா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு, "எத்தன படிகம் நீ வளர்த்திருக்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"எக்ஸ்ரே புள்ளியிலேர்ந்து வர்ற ஒரு மேப்பையாவது உக்காந்து பாத்திருக்கியா? நாலு நம்பர வச்சுகிட்டு என் ஸ்ட்ரக்சர் தப்புன்னு சொல்ல வந்துட்ட."

"தப்புன்னு சொல்லலக்கா. அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி பாருங்கன்னு தான்..."

"சார் கிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல. உங்க கிட்டதான் மொதல்ல."

"சரி, போ."

அதன்பிறகு இருவரும் எதிரெதிரே வந்தால் உஷா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தமயந்திக்குக் கூடமே முள்ளாகக் குத்தியது. முன்பு இதே கூடத்தில் வேலை பார்த்த கிளாரன்ஸ், சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தாவி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. "இன்னும் எது எத தொடுதுன்னு பாத்துகினே இருக்கியா தமா? எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க, வா," என்று பலமுறை கூப்பிட்டவன். இப்போது அவளே போன் செய்தாள். போனாள், தேர்வு எழுதினாள், வேலை கிடைத்துவிட்டது.

சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அம்மா ராதா மீன் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் உஷா நின்றாள். மர்ஃபி டவுனுக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. முகம் வீங்கியிருந்தது. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: "ஒரு எடம். ஒரே ஒரு எடம் தள்ளிப் போயிருக்கு. வளைவுல ஒரு அமிலத்த விட்டுட்டேன். அங்கேர்ந்து அடுத்த வளைவு வரைக்கும் எல்லாம் பக்கத்து சீட்ல உக்காந்திருக்கு."

"மாத்திப் பாத்தீங்களாக்கா?"

"மாத்தினேன். இத்தன மாசமா அசையாத நம்பர் கடகடன்னு எறங்கிடுச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். சந்தோஷமா அவமானமா என்று தமயந்திக்குத் தெரியவில்லை. ராதா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாம்மா ஆச்சு? ஊர்ல யார்னா தவறிட்டாங்களா?"

"இல்லம்மா, புரோட்டீன்," என்றாள் தமயந்தி. ராதாவுக்கு அது போதவில்லை. இருந்தாலும் வந்தவளுக்குச் சோறு போட்டாள். மீன் சாப்பிடாத உஷா ரசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் செய்தி தமயந்தியைத் தடுத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாக்குக் கொடுத்தாயிற்று என்று திங்கட்கிழமை சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் போனாள். குளிரூட்டிய அறையில் வரிசையாக உட்கார வைத்து ஏதோ ஒரு வங்கியின் வட்டிக் கணக்குக்குப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதினாள், நன்றாகவே எழுதினாள். ஆனால் விடை சரியாக வந்துவிட்டால் அதோடு தீர்ந்தது. ஏன் என்று கேட்க அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரு மாதம் ஆவதற்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஜெயராமன் கத்தினார். "நான் ஒரே மெஷின் முன்னாடி நின்னு ஆயுசையே கழிச்சேன். உனக்கு ஒரு எடத்துல குந்த முடியலயா?"

"முடியலப்பா," என்றாள்.

கூடத்தில் அவளுடைய பழைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கிருஷ்ணப்பா கொஞ்சம் யோசித்து, ஆய்வு மாணவியாகவே சேர்ந்துவிடு என்றார். நுழைவுத்தேர்வு, நேர்காணல், காத்திருப்பு என்று அடுத்த ஆண்டுதான் சேர முடிந்தது. அதற்குள் உஷா ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தாள். அவள் கட்டுரை வெளிவந்தபோது எழுதியவர்களில் ஒருத்தியாகத் தமயந்தியின் பெயரும் இருந்தது. யாரும் கேட்காமல் அவளே சேர்த்தது. ஆனால் கடிதம் எழுதவில்லை. தமயந்தியும் எழுதவில்லை. படிகம் வளர்ப்பவர்கள் தங்கள் வடிவத்தை வெளியிடும் முன் தமயந்தியிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நிற்பவர்களைப்போல நகம் கடித்துக்கொண்டு நிற்பது பிற்பாடு வழக்கமாயிற்று.

பட்டம் வாங்கியபின் வைட்ஃபீல்டில் மருந்து ஆராய்ச்சி செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மருந்து மூலக்கூறு புரதத்தின் எந்தெந்த அமிலத்தைத் தொடும் என்று பார்க்கும் வேலை.

2003-இல் உஷா பழைய நிறுவனத்துக்குச் சொற்பொழிவாற்ற வந்தாள். தமயந்தி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சின் நடுவே உஷா அந்தத் தப்பான வடிவத்தையே திரையில் போட்டாள். மாணவர்களிடம் அதை ஒளிக்காமல் விளக்கினாள். "இதைக் கண்டுபிடித்தவள் என் தோழி. பல வாரம் அவளோடு நான் பேசவில்லை," என்றாள். அரங்கம் சிரித்தது. தமயந்தி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பேச்சு முடிந்து உஷா தேடிக்கொண்டு வந்தாள். தலை லேசாக நரைத்திருந்தது. "ஏண்டி எழுந்து ஓடின?"

"என்னவோ போல ஆயிடுச்சுக்கா."

"எனக்கு மட்டும்? சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கு வறண்டுடுச்சு." சற்றுத் தயங்கிவிட்டு, "இப்ப என்ன பாத்துட்டு இருக்க?" என்று கேட்டாள்.

ஒரு புரதம் தன்னைப் படுத்தும் பாட்டைத் தமயந்தி சொல்ல ஆரம்பித்தாள். கம்பெனியில் எல்லோரும் அந்த வடிவம் சரி என்கிறார்கள், அதன் ஒரு மூலையில் ஹிஸ்டிடின் என்ற ஓர் அமிலம் மட்டும் எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது, மேலதிகாரி சரவணன் அதை விட்டுத்தள்ளு என்கிறார். உஷா இடைமறித்து ஏதோ கேட்டாள். இவள் இல்லை என்றாள். இருவருமாகக் குரலை உயர்த்தி வாதாடிக்கொண்டே கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டார்கள். தமயந்தி ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ஏறுகிறாளா என்று கண்டக்டர் கன்னடத்தில், "பர்த்தீரா?" என்றார். அவள் கையசைத்து அனுப்பிவிட்டு, பாதியில் நின்ற வாக்கியத்தைத் தொடர்ந்தாள்.